நடுவரைத் தள்ளியவருக்கு எத்தனை ஆட்டம் தடை?

கேள்வி இதுதான். 2023 மார்ச்சில் இங்கிலாந்து கால்பந்தில் ஃபுல்ஹம் அணியின் மித்ரோவிச் நடுவரின் கையைப் பிடித்ததற்கு 8 ஆட்டம் தடை. அதே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டின் ப்ரூனோ பெர்னாண்டஸ் உதவி நடுவர் மேல் கை வைத்தார், அவருக்கு ஒன்றுமே இல்லை. 2017இல் ரொனால்டோ நடுவரை முதுகில் தள்ளியதற்கு 5 ஆட்டம். ஆளைப் பார்த்துத்தான் தண்டனை கொடுக்கிறார்களா? யார் தொட்டாலும் இத்தனை ஆட்டம் என்று ஒரே எண்ணை எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது என்று நினைக்கிறேன், ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சில வருடங்கள் மாவட்ட அளவு ஆட்டங்களில் விசில் ஊதியவன், அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் தண்டனைகள் ஏறுக்கு மாறாக இருப்பதற்குக் காரணத்தை நாம் தேடும் இடம் தவறு. எல்லோரும் கடைசியில் வரும் எண்ணைப் பார்க்கிறோம், 8, 5, 11 என்று. கோளாறு அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது: நடந்த செயலுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில், அதை யார் எப்படி எழுதுகிறார்கள் என்பதில், குற்றச்சாட்டு என்று ஒன்றைப் பதிவு செய்கிறார்களா இல்லையா என்பதில்.

முதலில் இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நினைக்கிற அளவுக்கு அங்கே எண்கள் கலைந்து கிடக்கவில்லை.

1998 செப்டம்பர் 26, ஹில்ஸ்பரோ மைதானம், ஷெஃபீல்ட் வென்ஸ்டேவும் ஆர்சனலும் ஆடுகின்றன. ஆர்சனலின் மார்ட்டின் கியோனோடு கைகலப்பு, நடுவர் பால் ஆல்காக் வென்ஸ்டேவின் பவுலோ டி கானியோவுக்குச் சிவப்பு அட்டை காட்டுகிறார். டி கானியோ இரண்டு கையாலும் ஆல்காக்கின் மார்பில் தள்ளுகிறார். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆல்காக் உடனே விழவில்லை. பின்பக்கமாக ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று தடுமாறிக்கொண்டே போய், கடைசியில்தான் தரையில் உட்கார்ந்து சாய்கிறார். இவ்வளவு தள்ளாடியது அந்தத் தள்ளலாலா என்று அன்றைக்கே கிண்டல் செய்தார்கள், இன்றைக்கும் அந்த வீடியோவைப் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. எதிர்பாராமல் மார்பில் இரண்டு கை விழும்போது உடம்பு எப்படிப் போகும் என்று தள்ளப்பட்டவனுக்குத்தான் தெரியும். அதை விடுங்கள், தண்டனைக்கு வருவோம். சிவப்பு அட்டைக்கு 3, தள்ளியதற்கு 8, ஆக மொத்தம் 11 ஆட்டம், அதோடு 10,000 பவுண்ட் அபராதம். டி கானியோ அதற்கப்புறம் அந்த கிளப்புக்கு ஆடவே இல்லை, சில மாதங்களில் வெஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டார்.

2005 பிப்ரவரியில் சவுத்தாம்ப்டனின் டேவிட் ப்ரட்டன், அதுவும் ஆர்சனலுக்கு எதிராகத்தான். சிவப்பு அட்டை வாங்கியதும் உதவி நடுவரை நோக்கிப் பாய்ந்தார், குறுக்கே வந்த நடுவர் ஆலன் வைலியைத் தள்ளினார். 10 ஆட்டம், 6,000 பவுண்ட். இப்போது 2023 மார்ச் 19, எஃப்ஏ (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) கோப்பை காலிறுதி, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். ஃபுல்ஹம் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது, அந்த கோலை அடித்தவரே மித்ரோவிச். கோல் கோட்டருகே வில்லியன் பந்தைக் கையால் தடுத்துவிட்டார், நடுவர் கிறிஸ் கவானா வார் (வீடியோ உதவி நடுவர்) திரையில் பார்க்கப் போனார். அங்கேயே பயிற்சியாளர் மார்கோ சில்வாவுக்குச் சிவப்பு, அடுத்து வில்லியனுக்குச் சிவப்பு, அதைப் பொறுக்காமல் கவானாவின் கையைப் பிடித்து இழுத்த மித்ரோவிச்சுக்கும் சிவப்பு. சில நிமிடத்தில் ஆட்டமே கையை விட்டுப் போனது. மித்ரோவிச்சுக்கு 8 ஆட்டம், 75,000 பவுண்ட். அந்த எட்டையும் பிரித்துச் சொன்னார்கள்: முரட்டுச் செயலுக்கு வழக்கமான 3, வழக்கமான தண்டனை போதாது என்பதால் கூடுதலாக 3, பேச்சுக்கும் நடத்தைக்கும் 2.

ஆக 11, 10, 8. இருபத்தைந்து வருட இடைவெளியில், வேறு வேறு விசாரணைக் குழுக்கள், வேறு வேறு ஆட்கள், இருந்தும் எண்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. நடுவரைத் தள்ளிக் கீழே விழ வைத்ததற்குக் கொஞ்சம் அதிகம், கையைப் பிடித்ததற்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பாரபட்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ப்ரூனோ? மித்ரோவிச் விவகாரத்துக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால், மார்ச் 5, ஆன்ஃபீல்டில் யுனைடெட் 7-0 என்று லிவர்பூலிடம் தோற்ற நாள். ப்ரூனோ உதவி நடுவர் மேல் கை வைத்துத் தள்ளியது கேமராவில் தெளிவாகப் பதிவானது. எஃப்ஏ நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மித்ரோவிச் வெளியே போன அதே நேரத்தில் கிடைத்த பெனால்டியை அடித்தவர் ப்ரூனோதான். ஃபுல்ஹம் ரசிகர்களுக்கு வயிறு எரிந்ததில் என்ன தப்பு? இரண்டும் ஒரே அளவு குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், மித்ரோவிச் செய்தது பல மடங்கு ஆவேசம், நடுவரை விட்டு விலகாமல் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டு நின்றார். ஆனால் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 2 என்றால் அது அளவு வித்தியாசம். ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு விசாரணையே இல்லை என்றால் அது வேறு ரகம். அங்கே ஒரு கதவு ஒருவருக்குத் திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று பொதுமக்களுக்கு விளக்கமாக ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. இதுதான் நான் சொல்ல வரும் முதல் விஷயம். தண்டனை விதிக்கும் குழு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அந்தக் குழுவின் முன்னால் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்வது வேறு ஆள். இங்கிலாந்தில் குற்றம் சாட்டுவது எஃப்ஏ, தீர்ப்பு சொல்வது தனியான ஒழுங்குமுறைக் குழு. தீர்ப்புக்குக் காரணங்களை எழுதி வெளியிடுகிறார்கள், நல்ல விஷயம், மித்ரோவிச் வழக்கிலும் வெளியிட்டார்கள், அதைப் படித்துவிட்டுச் சண்டை போடலாம். குற்றம் சாட்டாமல் விட்டதற்குத்தான் அப்படி எதுவும் கிடையாது.

இதே 2023இல் இன்னொரு சம்பவம், இந்த முறை தலைகீழ். ஏப்ரல் 9, லிவர்பூல் ஆர்சனல் ஆட்டம், இடைவேளை. லிவர்பூலின் ஆண்டி ராபர்ட்சன் உதவி நடுவர் ஹட்ஸிடாகிஸிடம் ஏதோ முறையிடப் போய்க் கையைத் தொட்டார், அவர் முழங்கையை வீசினார், அது ராபர்ட்சனின் தாடைப் பக்கம் போனது. கொஞ்ச நாள் அந்த உதவி நடுவருக்குப் பணி கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். விசாரித்த எஃப்ஏ, நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று முடித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார், வேண்டுமென்று செய்யவில்லை என்றார். அந்த முடிவு தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நடுவர்கள் பக்கம் நிற்கிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: ஒரு வீரர் அதே மாதிரி முழங்கையை வீசிவிட்டு ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்றால் யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். தொடக் கூடாது என்பது இரண்டு பக்கத்துக்கும் சட்டமாக இருந்தால்தான் வீரர்கள் அதை மதிப்பார்கள்.

சரி, இப்போது ரொனால்டோ. இதில்தான் இரண்டாவது விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் இதுதான்.

2017 ஆகஸ்ட் 13, கேம்ப் நூ, ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை முதல் ஆட்டம். ரொனால்டோ கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினார், மஞ்சள். இரண்டே நிமிடத்தில் பெனால்டி பகுதியில் விழுந்தார், நடிப்பு என்று இரண்டாவது மஞ்சள், சிவப்பு. நடுவர் ரிகார்டோ டி புர்கோஸ் பெங்கோயெட்சியா அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்ப, ரொனால்டோ பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். ஸ்பெயின் விதிப்படி நடுவரை இப்படித் தள்ளுவதற்கு 4 முதல் 12 ஆட்டம் வரை தடை விதிக்கலாம். ரொனால்டோவுக்குக் குறைந்தபட்சமான 4, சிவப்பு அட்டைக்கு 1, ஆக 5. அவருடைய அணியான ரியல் மாட்ரிட்டின் மேல்முறையீடு எடுபடவில்லை.

ஏன் 4? பெரிய ஆள் என்பதாலா? இருக்கலாம், மனதுக்குள் என்ன ஓடியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் காகிதத்தில் ஒரு காரணம் இருந்தது. நடுவர் தன் அறிக்கையில், அதிருப்தியைக் காட்டும் விதமாக என்னை ‘லேசாக’ தள்ளினார் என்று எழுதியிருந்தார். லேசாக. ஸ்பெயினில் நடுவர் அறிக்கை உண்மை என்றே வைத்துத்தான் விசாரணை தொடங்கும், அப்பட்டமான தவறு என்று நிரூபித்தால் ஒழிய அதை அசைக்க முடியாது. நடுவரே லேசாக என்று எழுதிய பிறகு குழு எந்த முகத்தோடு 8 கொடுக்கும்? டி கானியோ தள்ளியதும் தள்ளல், ரொனால்டோ தள்ளியதும் தள்ளல், ஆனால் ஒன்று கீழே விழ வைத்தது, மற்றது ‘லேசான’ தள்ளல். 11க்கும் 5க்கும் இடையிலான தூரத்தில் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இந்தச் சொல் விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்கிறேன். பல வருடம் முன்னால் எங்கள் மாவட்டத்தில் ஒரு போட்டி, பெயர் வேண்டாம். ஆஃப்சைடு என்று ஒரு கோலை ரத்து செய்தேன். அந்த அணியின் முன்கள வீரன் ஓடி வந்து நெஞ்சாலேயே என்னை இடித்தான், இரண்டடி பின்னால் போனேன், விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. சிவப்பு அட்டை காட்டி ஆட்டத்தை முடித்துவிட்டு, கிணற்றடி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். போட்டியை நடத்துகிறவர்களில் ஒருவர் டீயோடு வந்தார். தோளில் கை போட்டு, “தம்பி, ‘இடித்தான்’னு எழுதாதீங்க. ‘வாக்குவாதம் செய்தான்’னு போடுங்க. பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி இருக்கு, நாலு ஊர் ஜனம் வருது” என்றார். “அண்ணே, எல்லோரும் பார்த்தாங்களே” என்றேன். “பார்த்தவங்க யாரும் எழுதப் போறதில்லை, நீங்கதானே எழுதுறீங்க” என்றார். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, அடுத்த போட்டிக்கும் அவர்தான் நடுவரைக் கூப்பிட வேண்டும். ‘வாக்குவாதம்’ என்றே எழுதினேன். அவன் அரையிறுதி ஆடினான். அடுத்த மாதம் வேறொரு ஊரில் அவனே ஒரு சின்னப் பையனை, முதல் முறை உதவி நடுவராகக் கொடி பிடிக்க வந்தவனை, கழுத்தைப் பிடித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் எழுதிய அந்த ஒற்றைச் சொல் இன்று வரை என் கூடவே இருக்கிறது.

அதனால் ஒரே எண் வைத்தால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: எண்ணைக் கடுமையாக்கிப் பூட்டிவிட்டால், அழுத்தம் அப்படியே சொல்லுக்கு நகர்ந்துவிடும். ‘தொட்டால் 10 ஆட்டம்’ என்று வைத்தால், தொட்டார் என்று எழுத நடுவர் தயங்குவார், குற்றம் சாட்ட நிர்வாகம் தயங்கும், லேசாக உரசியது, தற்செயல், உணர்ச்சிவசம் என்று புதுப் பெயர்கள் முளைக்கும். கோப்பை இறுதிக்கு முன்னால் ஒரு பெரிய வீரர் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம்.

உலக அளவிலேயே இந்தப் பெயர் சூட்டும் சிக்கல் இருக்கிறது. ஃபிஃபா ஒழுங்கு விதிகளில் நடுவரிடம் முறையற்று நடந்தால் குறைந்தது 4 ஆட்டம், மிரட்டினால் குறைந்தது 10 ஆட்டம், நடுவரைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டம் அல்லது அதற்கேற்ற காலம். குத்து, உதை, எச்சில் துப்புதல், கடித்தல் எல்லாம் தாக்குதலில் வரும். 4க்கும் 15க்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள். நிஜ வாழ்க்கையில் நடக்கிற பெரும்பாலான சம்பவங்கள், கையைப் பிடிப்பது, மார்பில் தள்ளுவது, வழியை மறித்து நெற்றியை நெற்றியோடு ஒட்டுவது, எல்லாமே அந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகின்றன. அங்கே மிரட்டலுக்கு ஒரு படி உண்டு, கை வைப்பதற்கென்று படிக்கட்டு கிடையாது. 2022 உலகக் கோப்பையில் கானாவை வென்றும் வெளியேறிய உருகுவே வீரர்கள் நடுவர் டேனியல் சீபெர்ட்டைச் சூழ்ந்துகொண்டார்களே, ஃபிஃபா ஜிமெனெஸுக்கும் முஸ்லேராவுக்கும் 4 ஆட்டம், கவானிக்கும் கோடினுக்கும் 1 ஆட்டம் என்று தீர்த்தது. கவானி போகிற வழியில் வார் திரையைத் தள்ளி விட்டதை உலகமே பார்த்தது. நடுவரைத் தொட்டதும் நடுவரின் கருவியைத் தள்ளியதும் ஒன்றல்ல, சரி. ஆனால் அந்த எண்கள் தேசிய அணி ஆட்டங்களுக்கு மட்டும்தான், ஜிமெனெஸ் தன் கிளப்புக்கு ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

வாய்ப்பேச்சுக்கும் இதே கதைதான், கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். ஸ்பெயின் லீகில் 2019 ஏப்ரலில் அத்லெடிகோ மாட்ரிட்டின் டியகோ கோஸ்டா நடுவர் கில் மன்சானோவின் தாயை இழுத்துத் திட்டினார், கையையும் பிடித்தார், திட்டியதற்கு 4, பிடித்ததற்கு 4, ஆக 8. 2025 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட்டின் ஜூட் பெல்லிங்காம் நடுவர் முனுவேரா மொன்டேரோவிடம் ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொன்னதாகச் சிவப்பு அட்டை. அந்த வார்த்தை நடுவரை நோக்கியதா, சும்மா எரிச்சலில் வந்ததா என்று ஒரு வாரம் விவாதம். குழு அதை வசை என்ற பிரிவில் போடாமல் மரியாதைக் குறைவு என்ற பிரிவில் போட்டது, 2 ஆட்டத்தோடு முடிந்தது. வசை என்று முடிவு செய்திருந்தால் 4இல் தொடங்கியிருக்கும். மறுபடியும் பெயர்தான். வேற்று மொழி பேசுகிறவன் ஆத்திரத்தில் சொன்ன ஒரு சொல்லை நடுவர் எந்தக் காதோடு கேட்டார் என்பதில் இரண்டு ஆட்டம் ஊசலாடுகிறது.

வீரர்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் சிலிக்கு எதிரான ஆட்டத்தில் உதவி நடுவரைத் திட்டியதாக மெஸ்ஸிக்கு ஃபிஃபா 4 ஆட்டம் தடை விதித்தது. நடுவர்களின் ஆட்ட அறிக்கையில் அது இல்லவே இல்லை. தொலைக்காட்சிக் காட்சிகள் சுற்றிய பிறகு வந்த நடவடிக்கை. அறிவித்தது எப்போது தெரியுமா? பொலிவியாவோடு ஆடப் போகும் அதே நாளில், ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால். அர்ஜென்டினா லா பாஸில் 2-0 என்று தோற்றது. மே மாதம் மேல்முறையீட்டில், நடத்தை சரியில்லை என்றாலும் ஆதாரம் போதவில்லை என்று தடையை நீக்கிவிட்டார்கள். ஆடாமல் போன ஓர் ஆட்டத்தை யார் திருப்பித் தருவார்கள்? மெஸ்ஸி வாயில் என்ன வந்தது என்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, விசாரித்துவிட்டுத் தண்டிக்க வேண்டும், தண்டித்துவிட்டு விசாரிக்கக் கூடாது. 2009இல் பார்சிலோனாவிடம் அரையிறுதி தோற்ற கோபத்தில் கேமராவைப் பார்த்துக் கத்திய செல்சி வீரர் ட்ரோக்பாவுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா முதலில் 6 ஆட்டம், அதில் 2 நிறுத்தி வைக்கப்பட்டது, மேல்முறையீட்டில் 5 ஆகி, அதிலும் 2 நிறுத்தி வைக்கப்பட்டு, கடைசியில் அவர் உண்மையில் ஆடாமல் இருந்தது 3. தலைப்புச் செய்தியில் வரும் எண்ணுக்கும் அனுபவிக்கும் எண்ணுக்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆட்டக் கணக்கில் தடை விதிப்பதே எவ்வளவு சமமற்றது என்பதற்கு ரியல் மாட்ரிட்டின் ரூடிகர் ஒரு நல்ல உதாரணம். 2025 ஏப்ரல் 26, செவில்லில் ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பை இறுதி. நடுவர் யார் தெரியுமா, எட்டு வருடம் முன்னால் ரொனால்டோ தள்ளிய அதே டி புர்கோஸ் பெங்கோயெட்சியா. முந்தைய நாள் செய்தியாளர்கள் முன்னால் அந்த மனிதர் அழுதார், உன் அப்பா திருடன் என்று பள்ளிக்கூடத்தில் மகனிடம் சொல்கிறார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. மறுநாள் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாற்று வீரர்கள் இருக்கையிலிருந்து ரூடிகர் அவரை நோக்கிப் பொருளை எறிந்தார், நாலு பேர் பிடித்து அடக்க வேண்டியிருந்தது. மேலே படவில்லை. தடை 6 ஆட்டம். ஆனால் அடுத்த சில நாளிலேயே ரூடிகருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களில் எப்படியும் ஆடியிருக்க முடியாது. அதாவது தடையின் பெரும்பகுதி அவர் கட்டிலில் படுத்திருந்தபோதே கழிந்துவிட்டது. அவர் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, மன்னிப்பும் கேட்டார். ஆடும் தகுதி இருக்கும் ஆட்டங்களை மட்டும்தான் தடைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இது சரியாகிவிடும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். இங்கிலாந்தில் தொழில்முறை அல்லாத ஆட்டங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆடுகிற தச்சர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும், எஃப்ஏ தனி அட்டவணை வைத்திருக்கிறது. நடுவரை மிரட்டினால் குறைந்தது 56 நாள். உடலில் கை வைத்தாலோ வைக்க முயன்றாலோ குறைந்தது 112 நாள், இரண்டு வருடம் வரை போகலாம். தாக்கினால் குறைந்தது 5 வருடம். தெளிவான படிக்கட்டு, நான் கேட்பதும் அதைத்தான். ஆனால் மித்ரோவிச் சிவப்பு அட்டை வாங்கியது மார்ச் 19, திரும்பி வந்து சவுத்தாம்ப்டனுக்கு எதிராக கோல் அடித்தது மே 13. எண்ணிப் பாருங்கள், 55 நாள். யாரும் பார்க்காத பூங்காவில் இதே வேலையைச் செய்தவனுக்குக் குறைந்தபட்சமே அதைப் போல இரண்டு மடங்கு. கோடிக் கணக்கானோர் பார்க்கும் மேடையில், குழந்தைகள் நடை உடை எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஆளுக்குப் பாதி. மித்ரோவிச்சின் 8 குறைவு என்று எஃப்ஏவே மேல்முறையீட்டுக்குப் போனது, ஆனால் அந்த எஃப்ஏ கையில்தான் இரண்டு விதிப் புத்தகமும் இருக்கிறது.

மேலே நடப்பது கீழே இறங்கும் என்பது வெறும் பயம் இல்லை. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரேயில், மகன் ஆடும் ஆட்டத்துக்குக் காசு வாங்காமல் கொடி பிடிக்க வந்த ஒரு தந்தையை எதிரணிப் பையன்கள் அடித்தே கொன்றார்கள். அந்த வாரக் கடைசியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை ரத்து செய்தார்கள். 2023 டிசம்பரில் துருக்கியில் அங்காரகுஜு கிளப் தலைவரே மைதானத்தில் இறங்கி நடுவர் மெலரின் முகத்தில் குத்தினார், லீகையே நிறுத்தி வைத்தார்கள், அவருக்கு வாழ்நாள் தடை. அன்றைக்கு அடித்தவர் வீரர் இல்லை, தலைவர். ஆனால் நடுவர் என்றால் தொடலாம் என்று அதற்கு முன்னால் எத்தனையோ பேர் ஊருக்கே காட்டியிருந்தார்கள்.

நான் என்ன கேட்கிறேன் என்றால், 4க்கும் 15க்கும் நடுவில் படிகள் வேண்டும்: தொட்டது, பிடித்தது அல்லது மறித்தது, தள்ளியது, தள்ளி விழ வைத்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தொடக்க எண், சூழ்நிலையைப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றலாம், கொஞ்சம் இறக்கலாம், எவ்வளவு ஏன் என்று எழுத வேண்டும். நடுவர் அறிக்கையில் ‘லேசாக’, ‘பலமாக’ என்ற உரிச்சொல்லே வேண்டாம். கை எங்கே பட்டது, எத்தனை அடி நகர்ந்தேன், விழுந்தேனா, அவ்வளவு போதும், மீதியைக் கேமரா இருக்கும் இடத்தில் கேமரா சொல்லட்டும். கேமரா இல்லாத சிறிய ஆட்டங்களுக்காக இங்கிலாந்தில் 2023 முதல் நடுவர்கள் உடம்பில் கேமரா மாட்டிப் பார்க்கிறார்கள், என்னிடம் அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் டீயோடு யாரும் வந்திருக்க மாட்டார்கள். கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்று 2024 யூரோவில் யூஃபா கொண்டுவந்த முறையும் உதவும், பத்துப் பேர் சுற்றி நிற்காத இடத்தில் தள்ளுமுள்ளுக்கு வாய்ப்பே குறைவு.

ப்ரூனோவுக்கு நானாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேன் என்று கேட்பீர்கள். முதல் படி, ‘தொட்டது’, அதற்கான தொடக்க எண், அநேகமாக இரண்டு ஆட்டம். ஆனால் எண்ணை விட முக்கியமாக அவரைக் கூப்பிட்டிருப்பேன், உதவி நடுவரையும் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன், தண்டனை வேண்டாம் என்றே முடிவு வந்திருந்தாலும் அதை ஒரு பக்கம் எழுதி வெளியிட்டிருப்பேன். அந்த ஒரு பக்கம் அன்றைக்கு வந்திருந்தால், இரண்டு வாரம் கழித்து ஃபுல்ஹம் ரசிகர்கள் அதைத்தான் எடுத்துப் படித்திருப்பார்கள்.